அப்டேட் போடாதவர்கள்

மாரிசெல்வி சொன்ன பேச்சைக் கேட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். நல்லதுக்குக் காலமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆனி மாதத்து வியாழக்கிழமை. நாரணாபுரத்து வீட்டில் மாரிசெல்வி முதல் தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டிருப்பாள், வாயில் வைக்கவில்லை, அதற்குள் போன் அடித்தது. பாண்டிராஜ் பேசினார். சிவகாசியில் ரெண்டே ரெண்டு மெஷினை வைத்துக்கொண்டு தினசரி காலண்டர் அடிப்பவர்.

"செல்வி, கம்ப்யூட்டரத் திறந்தா என்னமோ ஒரு கட்டம் வந்து நிக்கிது தாயி. புதுசாச் சம்மதமா, இல்ல வெளியேறுறியான்னு கேக்குது. என் பிரஸ்ஸுல இருந்து நான் எதுக்கு வெளியேறணும்?"

"இருங்கண்ணே, பாக்கேன்" என்று வைப்பதற்குள் அடுத்த போன். அது கற்பகம் அக்கா. அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர். எல்லோருக்கும் அதே கட்டம், அதே கேள்வி. தோசை ஆறி விறைத்துப் போனது.

விஷயம் இதுதான். அடுத்த வருடத்துத் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, வருடம் முழுவதுக்குமான தாள்களையும் அச்சுக்குத் தயாராகக் கோத்துக் கொடுக்கிற ஒரு சாஃப்ட்வேரை மாரிசெல்வி எழுதியிருந்தாள். பெயர் 'கிழமை'. அதற்கு முன்னால் சின்ன பிரஸ்காரர்கள் எல்லோரும் விலை கூடிய வெளிநாட்டு சாஃப்ட்வேரின் திருட்டுக் காப்பியை வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை சோதனை என்று ஆள்கள் வந்து, சீசன் நேரத்தில் நாலு பிரஸ்ஸில் கம்ப்யூட்டரைச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வயிற்றெரிச்சலைப் பார்த்துத்தான் அவள் கிழமையை எழுதினாள். எழுதி, உள்ளே இருக்கும் நிரலோடு சேர்த்து, எல்லோருக்கும் சும்மா கொடுத்தாள்.

ஆனால் கிழமை தானாக நிற்காது. அதற்கு அடியில் 'வெர்லோ' என்று ஒன்று இருந்தது. உலகம் பூராவும் ஆர்வலர்கள் கூடிக் கட்டிய இலவச நிரல் தளம். சமையல் மாரிசெல்வியுடையது, அடுப்பு வெர்லோவுடையது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அடுப்பையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் சிறு காலண்டர் அச்சகத்தார் சங்கத்தில் எழுந்து நின்று அவள் அடித்துச் சொன்னாள். "இத யாராலயும் பூட்ட முடியாது அண்ணாச்சி. நான் சொல்றேன்."

அவர்களுக்கு நிரலும் தெரியாது, லைசென்ஸும் தெரியாது. 'நான் சொல்றேன்' என்றாளே, அது மட்டும்தான் தெரியும். அதை நம்பித்தான் கம்ப்யூட்டரில் இருந்த திருட்டுக் காப்பியையெல்லாம் துடைத்துப் போட்டார்கள்.

போன பங்குனியில் ஹெக்ஸ்மார் என்ற பெரிய கம்பெனி வெர்லோவை வளைத்துப் போட்டது. அதைக் கட்டிய முக்கியமான ஆள்களுக்கு வேலை கொடுத்துத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது, பெயரைத் தன் பெயரில் பதிந்துகொண்டது. 'எதுவும் மாறாது' என்று அறிக்கையும் விட்டது. எதுவும் மாறாது என்று ஒருவன் தானாக வலிய வந்து சொன்னால், அன்றைக்கே சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ள வேண்டாமா? பங்கு பிரிந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். மாரிசெல்வி நம்பினாள். புது வெர்லோ வந்ததும் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கிழமையையும் அதற்கு ஏற்றபடி மாற்றினாள். பிரஸ் பிரஸ்ஸாகப் போய், "அப்டேட் போட்டீகளா, அப்டேட் போட்டீகளா" என்று அம்மை ஊசி போடுகிற நர்ஸ் மாதிரி விரட்டினாள்.

இப்போது மெயிலில் நோட்டீஸ் வந்து உட்கார்ந்திருந்தது. அப்டேட் போட்டபோது 'சம்மதம்' என்று அமுக்கியவர்கள் எல்லோரும் புது விதிமுறைகளை ஏற்றுக்கொண்டவர்கள். தொழில் நடத்துகிறவர்கள் இனிமேல் கம்பெனியோடு தனி ஒப்பந்தம் போட்டால்தான் வெர்லோவில் எழுதிய எதையும் ஓட்டலாம். அதுவரை பூட்டு.

ஆடிப்பெருக்குக்கு அதிக நாள் இல்லை. அடுத்த வருடத்து காலண்டர் ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்துப் பூசை போட்டு வெளியிடுவது ஆடிப் பதினெட்டில்தான். அன்றைக்கு ஏஜெண்டுகள் எல்லா ஊரில் இருந்தும் வந்து இறங்குவார்கள். ஆல்பமும் மாதிரித் தாளும் இல்லாதவனுக்கு ஆர்டர் இல்லை. ஆர்டர் பெரிய பிரஸ்ஸுக்குப் போய்விடும், போனது திரும்பாது. தன் ஒற்றை வார்த்தையை நம்பியவர்களின் ஒரு வருடப் பிழைப்பு அந்தக் கட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தபோது மாரிசெல்வி தட்டைத் தள்ளி வைத்தாள்.

அவள் அம்மா சண்முகத்தாய் பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"ஏட்டி, மூஞ்சி ஏன் நமுத்த வெடி மாதிரி இருக்கு?"

"எம்பேச்சு பொய்யாப் போச்சும்மா."

"நீ பொய் சொன்னியா?"

"இல்ல."

"பெறகென்ன? ஒருத்தர் பேச்ச இன்னொருத்தன் கெடுத்தான்னா அவனப் போய்ப் பிடி. தோசையப் போட்டுட்டு எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டு வேனைப் பிடிக்க ஓடினாள். ஆறிய தோசையைத் தின்றுவிட்டு மாரிசெல்வி விருதுநகருக்கு வண்டியை எடுத்தாள்.

விருதுநகரில் அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி பிரீத்தி வக்கீலாக இருந்தாள். சங்கத் தலைவர் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் மகள். அப்பாவின் பிரஸ் பக்கம் எட்டியும் பார்க்காதவள், ஆனால் தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள் வழக்கு என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. இடப்பக்கம் பார்க்கிற மானும் வலப்பக்கம் பார்க்கிற மானும் ஒன்றா வேறா என்று அரைநாள் வாதாடிவிட்டு, சாயங்காலம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள்.

நோட்டீஸை வாங்கிக்கொண்டு சாத்தூர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தாள். "சத்தமா வாசிக்கவா, மனசுக்குள்ளயா?"

"மனசுக்குள்ள வாசி. சத்தமா வாசிச்சா அழுதுருவேன்."

பிரீத்தி வாசித்தாள். சேவு பாதியானது. "ஏ மாரி, இந்த விதிமுறையெல்லாம் அமுக்குறதுக்கு முன்னாடி வாசிச்சியா?"

"நீ வாசிப்பியா?"

"நான் வக்கீலு. பீஸ் குடுத்தா வாசிப்பேன்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள். "பழைய வெர்லோவுல லைசென்ஸ் எப்படி இருந்துச்சு?"

"யாரும் எடுத்துக்கலாம், மாத்தலாம், யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம். வாங்குறவகளுக்கும் அதே உரிமை அப்படியே போகும். குடுத்தத எப்பவும் திருப்பிக் கேக்க மாட்டோம்."

பிரீத்தி மேஜையைத் தட்டினாள். "பெறகு ஏன்டி அழுகுற? குடுத்த தாம்பூலத்தத் திருப்பிக் கேக்க முடியுமா? கம்பெனி இனிமே செய்யிறதத்தான் பூட்டலாம். முன்னாடி குடுத்தத அவுகளாலயே பூட்ட முடியாது. அந்தப் பழச எடு, அத வச்சு ஓட்டு. பேர மட்டும் தொடாத, பேரு அவுகளுது. சரக்கு வேற, லேபிள் வேற. நம்ம ஊருல பொறந்துட்டு இது தெரியாதா ஒனக்கு?"

தெரியும். ஒரே குவியலில் இருந்து எடுத்த சரவெடியை நாலு லேபிள் பெட்டியில் போடுகிற ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாமலா? மாரிசெல்வியின் கவலை வேறு. "பழசு எங்கிட்ட இல்ல, பிரீத்தி."

"என்னது?"

"துடைச்சிட்டேன். புதுசு வந்ததும் பழச வச்சிருக்கப்படாது, ஆபத்துன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். எல்லாரையும் அழிக்கச் சொல்லிட்டேன்."

சுத்தக்காரி. வீட்டில் ஒரு பழைய டப்பாவை விட்டுவைக்க மாட்டாள் என்று சண்முகத்தாய் ஊரெல்லாம் பெருமையடிப்பாள். அந்தப் பெருமை இப்போது தலையில் விடிந்தது.

"நெட்டுல கெடக்காதா?"

"கம்பெனி எடுக்க வச்சிருச்சு. ஒண்ணு ரெண்டு கெடக்கு. ஆனா அதுக்குள்ள லைசென்ஸ் தாள மாத்தி வச்சிருக்காக. எது எப்ப எடுத்ததுன்னே தெரியல."

பிரீத்தி சேவுப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்தாள். "அது ஆகாது. எப்ப வாங்குனது, யாருகிட்ட இருந்து வாங்குனது, அன்னைக்கு என்ன எழுதியிருந்துச்சுன்னு கேப்பாக. கம்பெனி கைமாறுறதுக்கு முன்னாடியே வாங்கி, சம்மதம் அமுக்காத ஒரு ஆளுகிட்ட இருந்த நல்ல காப்பி வேணும். ஒண்ணே ஒண்ணு கெடச்சாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

ஒன்றே ஒன்றுக்கு எங்கே போவது? எல்லோரிடமும் நேரில் கேட்டாயிற்றே. "போட்டாச்சு தாயி" என்று ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்களே. மற்ற பிரஸ்காரர்கள் இன்னும் ஏன் போன் பண்ணவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். கோபம்தான் வேறென்ன, முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை போல என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஹெக்ஸ்மாரில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். பெயர் தருண்குமார். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், இவள் 'அங்கன', 'இங்கன' என்று ரெண்டு வார்த்தை பேசியதும் உருகிவிட்டார்.

"மேடம், நானும் விருதுநகர்தாங்க! பொரிச்ச பரோட்டா தின்னு எம்புட்டு நாளாச்சுங்கிறீங்க! எங்க வீட்டுலயும் நீங்க போட்ட காலண்டர்தான் தொங்குதாம். உங்களச் சிரமப்படுத்தணும்னு எனக்கு ஆசையா? எல்லா பிரஸ்ஸும் ஒப்பந்தத்துக்குள்ள வந்துரட்டும். தாளெல்லாம் எங்க சர்வர்ல பத்திரமா இருக்கும். கிழமையையும் எங்க பேருக்கு எழுதிக் குடுத்துருங்க. உங்களத் தென்மண்டலத் தூதராப் போட்டுருவோம்."

"தூதரா? யாருக்கும் யாருக்கும் சண்டை?"

அவர் சிரித்தார். நல்ல மனுஷர்தான். இருக்கிற இடம் அப்படி.

"எனக்குத் தூதெல்லாம் வேண்டாங்க. எல்லாருக்கும் சும்மா குடுத்தது சும்மாவே இருக்கணும். அதத்தான் கேக்கேன்."

"சட்டப்படி வழியில்ல மேடம். அப்டேட் போட்டவுங்க எல்லாரும் சம்மதிச்சவுங்க."

"போடாதவக?"

"போடாதவுங்களா?" தருண்குமார் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் காலத்துல அப்டேட் போடாம யாருங்க இருப்பாக?"

அவர் வாயில் இருந்து அந்த 'இருப்பாக' விழுந்தபோதுதான் மாரிசெல்விக்குத் தலைக்குள் என்னவோ பொறி தட்டியது. யார் இருப்பார்களா? நாற்காலி உடைந்தால் சணலைச் சுற்றி இன்னும் ஒரு சீசன் ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள். 'போட்டாச்சு தாயி' என்று சொல்லும்போது எல்லோரும் ஏன் அப்படி மோட்டுவளையைப் பார்த்தார்கள்? போன் பண்ணியது ஐந்தே பேர். மிச்சப் பேர் எல்லோரும் ஒரேயடியாகக் கோபப்பட்டிருக்க முடியுமா? கோபம் வந்தால் சும்மா இருக்கிற ஜனமா அது?

"நான் பெறகு பேசுதேன்" என்று வைத்தவள் வண்டியைக் கிளப்பினாள். நாரணாபுரத்தில் இருந்து சிவகாசிக்கு அந்த வேகத்தில் அவள் அதற்கு முன்னால் போனதில்லை. ஹெல்மெட்டை மறந்தது கூடப் பாதி வழியில்தான் தெரிந்தது.

லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் பிரஸ்ஸில் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கம்ப்யூட்டருக்கு முன்னால் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, திரைக்கு முன்னால் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வா தாயி, வா. ஏலே, பாப்பாவுக்குக் கலர் சோடா வாங்கிட்டு வா."

"அண்ணாச்சி, அப்டேட் போட்டீகளா?"

"போட்டேன், போட்டேன். நீ சொன்ன அன்னைக்கே போட்டேன்."

"கொஞ்சம் தள்ளுங்க."

"எதுக்கு? அங்கன ஒண்ணுமில்ல. தூசி."

மாரிசெல்வி அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கட்டமும் இல்லை, கேள்வியும் இல்லை. அடுத்த வருடத்துச் சித்திரை மாதம் வரிசை வரிசையாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் பழைய கிழமையின் எண். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. தாள்கட்டின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அண்ணாச்சி பயந்தே போனார்.

"தாயி, கோவிச்சுக்கிடாத. ஓடுற மெஷின்ல கை வைக்கப்படாதும்மா. சீசன் தொடங்கிட்டா ஒரு ஸ்க்ரூவக் கூடத் திருக மாட்டோம். அது எங்க வழக்கம். நான் மட்டுமா போடல? சீனிவாசகம் போட்டானா கேளு. முருகம்மாள் போட்டுதா கேளு. ஒரு ஆளும் போடல. எல்லாரும் பேசி வச்சுத்தான் போட்டாச்சுன்னு சொன்னோம்."

"பேசி வச்சா?"

"நீ அம்புட்டுப் பாடுபட்டு வெயில்ல அலைஞ்சு சொல்லுற. போடலன்னு சொன்னா ஒம்மனசு சங்கடப்படும்லா?"

இத்தனை பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து, தன் மனசு நோகக் கூடாது என்று ஒரு பொய்யைத் தீர்மானம் போட்டு நிறைவேற்றியிருக்கிறார்கள். மாரிசெல்விக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் மொதல்ல ஒங்களுக்கு ஒரு பென்டிரைவ் குடுத்தேன்லா? புதுச ஏத்துனதும் அத அழிச்சிரச் சொன்னேனே?"

அண்ணாச்சியின் முகம் மறுபடியும் வாடியது. உள்ளே போனார். சாமி படத்துக்குக் கீழே, முதன்முதலில் அடித்த லேபிளும் வெள்ளிக் காசும் இருக்கிற தட்டில் இருந்து ஒரு சின்ன மஞ்சள் துணி முடிப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அவிழ்த்தார். உள்ளே பென்டிரைவ். நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம்.

"போன ஆயுத பூசைக்கு மெஷினோட சேத்து இதையும் வச்சுக் கும்பிட்டோம். கும்பிட்ட பொருள எப்படித் தாயி அழிக்கது? கை வருமா?"

அதை அவள் செருகியபோது கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. குங்குமம் உள்ளே போய் அடைத்துக்கொண்டிருந்தது. ஊதினாள், தட்டினாள், காய்ந்த துணியால் துடைத்தாள். நாலாவது தடவை விளக்கு எரிந்தது. உள்ளே வெர்லோ முழுசாக இருந்தது, நிரலும் லைசென்ஸும் ஓர் எழுத்துக் குறையாமல். 'கொடுத்ததைத் திரும்பப் பெறமாட்டோம்' என்ற வரியும் அங்கேயே இருந்தது. மாரிசெல்வி அந்த வரியை ரெண்டு தடவை வாசித்துவிட்டு பிரீத்திக்குப் போன் போட்டாள்.

"கெடச்சிருச்சுடி! ஒங்கப்பா சாமி தட்டுல இருந்துச்சு!"

"எப்பக் குடுத்த? கம்பெனி கைமாறுறதுக்கு முன்னாடியா? சாட்சி?"

மாரிசெல்வி அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி பெருமையாகத் தன் போனை நீட்டினார். போன ஆயுத பூசை அன்றைக்குச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம். மெஷின், மைடப்பா, பூசணிக்காய், பொரிகடலை. தட்டு நடுவில் மாப்பிள்ளை மாதிரி பென்டிரைவ். கீழே 'வெர்லோ, கிழமை இவற்றுக்குப் பூஜை இனிதே நிறைவுற்றது' என்று அண்ணாச்சியே கைப்பட எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக மற்ற பிரஸ்காரர்களின் படங்கள். எல்லாத் தட்டிலும் ஒரு பென்டிரைவ்.

போனில் பிரீத்தி போட்ட கூச்சலில் மெஷின் சத்தமே அமுங்கிப்போனது. "இப்படி ஒரு சாட்சி எனக்கு ஒரு கேஸுலயும் கெடச்சதில்லடி! எங்கப்பாவப் போய் நான் பழைய பஞ்சாங்கம்னு திட்டியிருக்கேனே!"

"பஞ்சாங்கம்தானம்மா நாங்க அடிக்கோம்" என்றார் அண்ணாச்சி.

அடுத்த நாள் சங்கத்தில் கூட்டம். ஆள் ஆளாக எழுந்து நின்று, "நானும் அப்டேட் போடலம்மா" என்று பொய்யை ஒத்துக்கொண்டார்கள். தப்பை ஒத்துக்கொள்வதற்கு மனுஷன் அப்படி முண்டியடித்துக்கொண்டு வந்ததை அந்த மண்டபம் அதற்கு முன்னால் கண்டிருக்காது. முருகம்மாள் தன் பென்டிரைவைத் திருச்செந்தூர் வரைக்கும் கொண்டுபோய் வந்ததாகச் சொன்னாள். பாண்டிராஜுக்குத்தான் தாங்க முடியவில்லை.

"அப்ப பேச்சக் கேட்டு நடந்த நாங்க அஞ்சு பேருதான் கிறுக்கனுகளா? பேசி வச்சீகளே, எங்களையும் ஒரு வார்த்த கூப்பிட்டீகளா?"

"நீ அன்னைக்கு மீட்டிங்குக்கு வரல" என்றார் சீனிவாசகம்.

"பொய் சொல்றதுக்கு மீட்டிங் போடுவீகன்னு எனக்கென்ன சோசியமா தெரியும்!"

சிரிப்பு அடங்கியதும் பிரீத்தி எழுந்தாள். "ஒரு விஷயம். மாரி சம்மதம் அமுக்குனவ. அவ கையில இப்ப பழைய வெர்லோ இல்ல. அத வச்சு அவ வேலைய ஆரம்பிக்கணும்னா, முறையா ஒருத்தர் கையில இருந்து வாங்கணும். லைசென்ஸ்படி, வச்சிருக்கிறவுக யாரு வேணும்னாலும் குடுக்கலாம். குடுத்தா, வாங்குறவளுக்கு அம்புட்டு உரிமையும் வந்துரும். போட்டோ எடுக்கணும், எல்லாரும் சாட்சி."

முறையாக என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரே முறைதான் தெரியும். அண்ணாச்சி தாம்பாளத்தை வரவழைத்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் மஞ்சள் துணி முடிப்பு. அன்றைக்கு இடிச் சத்தம் கேட்டுப் பட்டாசுக் கம்பெனியில் சீக்கிரம் விட்டிருந்ததால் சண்முகத்தாயும் வந்திருந்தாள். விரல் இடுக்கில் வெள்ளி மருந்துப்பொடி இன்னும் மினுங்கியது. மகளைக் கிழக்குப் பார்த்து நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

"அன்னைக்கு நீ எங்களுக்குச் சும்மா குடுத்த" என்றார் அண்ணாச்சி. மைக் வேண்டாத குரல் அவருக்கு. "இன்னைக்கு நாங்க ஒனக்குச் சும்மா குடுக்கோம். வாங்கிக்க தாயி. இத யாராலயும் பூட்ட முடியாது. நான் சொல்றேன்."

தான் கொடுத்ததைத் தானே வாங்கினாள் மாரிசெல்வி. தன் வார்த்தையும் அந்தத் தட்டிலேயே திரும்பி வந்திருந்தது. அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், முடியவில்லை. அழுகையும் சிரிப்புமாக அவள் நிற்கிற படம்தான் ஹெக்ஸ்மாருக்குப் போன பதிலில் முதல் சாட்சியாகப் போனது.

பெயர் வைப்பதில் மட்டும் பெரிய சண்டை. 'நியூ வெர்லோ' என்றார் ஒருவர். 'ஸ்ரீ வெர்லோ' என்றார் இன்னொருவர். 'ஒரிஜினல் வெர்லோ' என்று சீனிவாசகம் வாயெடுத்ததும், "மூணு பேரையும் அந்தக் கம்பெனி உள்ள வைக்கும், நான் ஜாமீனுக்கு வரமாட்டேன்" என்று பிரீத்தி கத்தினாள். மஞ்சள் துணி என்று வைக்கலாமா என்று முருகம்மாள் கேட்க, மஞ்சள் என்றாலே திவாலாகிப் போனவன் ஞாபகம் வரும் என்று தொழில்காரர்கள் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில், ஆடியில் வெளிவருவது, அம்மியையே நகர்த்துவது என்று மாரிசெல்வியே 'ஆடிக்காற்று' என்று வைத்தாள். அதற்கப்புறம் வேலைதான். பழைய அடுப்பில் புதுக் கிழமையை ஏற்ற வேண்டியிருந்தது. பாண்டிராஜின் பிரஸ்ஸில்தான் முதலில் பூட்டுத் திறந்தது. அன்றைக்கு அவர் வாங்கிக் கொடுத்த பால்பன்னில் தெருவே தித்தித்தது.

தருண்குமாரிடம் இருந்து பதில் வந்தபோது ஆடி பிறந்திருந்தது. "எங்க லீகல் டீம் படத்தையெல்லாம் பாத்தாங்க மேடம். பழைய வெர்லோ மேல எங்களுக்கு உரிமையில்ல, பேரைத் தொடாத வரைக்கும் ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பென்டிரைவ் நெத்தியில இருக்கிறது என்னன்னு கேட்டாங்க. நான்தான் ஒரு மணிநேரம் விளக்குனேன்."

"ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வாறீகளா?"

"ஆல்பம் குடுப்பீங்களா?"

"குடுக்கோம். வாங்க."

வந்தார். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் பிரஸ்ஸில் கூட்டம் தாங்கவில்லை. ஏஜெண்டுகள் செருப்பு மேல் செருப்பாகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். சாமி முன்னால் புது ஆல்பங்கள், அடுத்த வருடத்துத் தாள்கட்டுகள், சந்தனப் பொட்டோடு வரிசையாகப் புதுப் பென்டிரைவுகள். சங்கத்து பிரஸ் ஒவ்வொன்றுக்கும் ஆல்பம் இருந்தது, ஒன்று குறையவில்லை. காற்று ஜன்னலை அடித்துச் சாத்தித் திறந்தது. தருண்குமார் ஒரு மூலையில் பொங்கல் தொன்னையோடு நின்று, தன் பிறந்தநாளுக்கு என்ன நட்சத்திரம் என்று தாளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகத்தாய் அவருக்கு இன்னொரு கரண்டி போட்டாள். "நல்லாச் சாப்பிடுங்க தம்பி. எங்கள வெளியேறச் சொன்ன ஆளு நீங்கதானா?" என்று கேட்டுக்கொண்டே போட்டாள்.

பூசை முடிந்து தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, லட்சுமிகாந்தம் அண்ணாச்சி மாரிசெல்வியின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் புதுசாக ஒரு பணிவு தெரிந்தது. கைகட்டி நின்றார்.

"தாயி, பட்டது போதும். இனிமே நீ அப்டேட்டுன்னு சொன்னா உடனே போட்டுருவேன். சத்தியம். அடுத்தது எப்ப?"

மாரிசெல்வியிடம் அடுத்த அப்டேட் தயாராகத்தான் இருந்தது. காலையில்தான் முடித்திருந்தாள். மெஷின்கள் முழு வேகத்தில் ஓடுவதைப் பார்த்தாள், சாமி தட்டைப் பார்த்தாள்.

"ஓடுற மெஷின்ல கை வைக்காதீக அண்ணாச்சி" என்றாள். "சீசன் முடியட்டும்."